ஷாத்தோநெஃப் து பாப்: தேர்ந்தெடுப்பது முதல் ஊற்றுவது வரை

விமர்சகர்களிடம் நூற்றுக்கு 95 மதிப்பெண் வாங்கிய ஷாத்தோநெஃப் து பாப் என்ற பிரெஞ்சு ஒயின் பாட்டிலைத் திறந்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: மூக்கில் ஸ்பிரிட் நெடி ஏறுகிறது, வாயில் ஜாம் போல கொழகொழவென்று இருக்கிறது. இன்னொரு கூட்டம் நேர்மாறாகச் சொல்லும்: மணமே இல்லை, துவர்ப்பு மட்டும்தான், இதற்கா இவ்வளவு விலை? இரண்டிலும் பாட்டிலில் பழுது இருப்பது அபூர்வம். முதல் ஆள் 24 டிகிரியில் ஊற்றியிருப்பார். இரண்டாவது ஆள் ஒயின் வாய்மூடிக் கிடக்கும் வயதில் திறந்திருப்பார். மதிப்பெண் இந்த இரண்டையும் சொல்லாது. ஆகவே பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது எப்போது, எந்த வெப்பத்தில் திறப்பது என்பதற்கு ஒதுக்குங்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெற்குப் பிரான்சில் ஆவிஞோனுக்கும் ஓரான்ஜுக்கும் நடுவே, ரோன் நதியின் கிழக்குக் கரையில், வோக்ளூஸ் மாவட்டத்தில் இருக்கிறது இந்தப் பகுதி. ஏறத்தாழ 3,200 ஹெக்டேர். ஷாத்தோநெஃப் து பாப், பெதாரித், கூர்த்தேசோன், ஓரான்ஜ், சோர்க் என்று ஐந்து ஊர்களின் எல்லைக்குள் பரவியிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு ஆவிஞோனில் குடியிருந்த காலத்தில், 22-ஆம் ஜான் இங்கே ஒரு கோட்டை கட்டினார். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. குன்றின் உச்சியில் இன்று நிற்பது மிச்சச் சுவர்தான்.

படங்களில் எப்போதும் காட்டப்படுவது கூழாங்கல் தோட்டம். ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரோன் உருட்டிக்கொண்டு வந்த குவார்ட்சைட் கற்கள், சில தேங்காய் அளவுக்கும் மேல். பகலில் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் சூட்டை வெளிவிடுகின்றன, அதனால் பழம் நன்றாகப் பழுக்கிறது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் இந்த ஊரில் இப்போது பழம் பழுக்காமல் போவது யாருக்கும் கவலை இல்லை. அதிகம் பழுத்துவிடுவதுதான் கவலை. கொடியைக் காப்பாற்றுவது கல்லுக்கு அடியில் இருக்கும் சிவப்புக் களிமண். மழையில்லாத கோடையில் அதுதான் வேருக்கு ஈரம் கொடுக்கிறது.

வாங்குபவருக்கு உதவும் விஷயம், இங்கே எல்லா இடமும் கூழாங்கல் இல்லை என்பது. மூன்று வகை மண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கிழக்கே லா க்ரோ மேட்டுநிலத்தில் கல்லும் களிமண்ணும். ஒயின் கனமாக, துவர்ப்போடு, நீண்ட ஆயுளோடு வரும். வியூ தெலெகிராஃப் தோட்டம் இந்த மேட்டின் முகம். ரயாஸ் தோட்டம், பிஞான் பக்கம் மணல்; நிறம் வெளிறி, துவர்ப்பு மென்மையாகி, ஸ்ட்ராபெர்ரியும் உலர்ந்த மூலிகையுமாக மணம் மேலே வரும். மேற்கே சுண்ணாம்புக் கல் சில்லுகள். அங்கே ஒயின் விறைப்பாக, நேர்கோடாக இருக்கும். ஒரே தோட்டக்காரர் மூன்று மண்ணிலும் துண்டு துண்டாக நிலம் வைத்திருப்பது சகஜம், கலந்துதான் பாட்டிலில் அடைப்பார். ஆனாலும் "மணல் நிலமா, கல் நிலமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரிந்த கடைக்காரர் என்றால் அவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம்.

மிஸ்ட்ரல் என்ற வடகாற்று இன்னொரு காவல்காரன். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசும். கிளையை ஒடிக்கும், ஆனால் மழை பெய்த மறுநாளே குலைகளை உலர்த்திப் பூஞ்சையைத் தடுத்துவிடும். அதனால்தான் இந்த ஊரின் முக்கியத் திராட்சையான கிரெனாஷின் கொடிகளைக் கம்பியில் ஏற்றாமல், தரையோடு ஒட்டிய குட்டைப் புதராக, கிண்ண வடிவில் கவாத்து செய்கிறார்கள்.

விதிகள் உங்களுக்கு எதை உறுதி செய்கின்றன

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊர்ப் பெயரை ஒட்டிக் கண்ட ஒயினையும் விற்றார்கள். ஷாத்தோ ஃபோர்தியாவின் உரிமையாளரும் வழக்கறிஞருமான பரோன் பியர் லெ ருவா தலைமையில் 1923-இல் தோட்டக்காரர்கள் தங்களுக்கென்று விதி எழுதிக்கொண்டார்கள். லாவண்டரும் தைம் செடியும் வளரும் வறண்ட நிலம்தான் எல்லை என்பது அதில் ஒன்று. 1936-இல் அரசு அப்பெலாசியோன் (சட்டம் காக்கும் பிறப்பிடப் பெயர்) அந்தஸ்து கொடுத்தது. பிரான்சின் மற்ற ஒயின் பகுதிகளின் சட்டங்களுக்கு இதுதான் முன்மாதிரி.

இன்றைய நிலவரம்: ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டருக்கு (3,500 லிட்டர்) மேல் எடுக்கக் கூடாது. அதாவது ஒரு ஹெக்டேரில் சுமார் 4,700 பாட்டில். அறுவடை கையால்தான், இயந்திரம் கூடாது. பறித்ததில் சொத்தையைப் பிரித்து ஒதுக்குவது கட்டாயம். சாற்றில் சர்க்கரை சேர்க்கத் தடை. ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம். இந்தக் கடைசி விதி இப்போது வெறும் காகிதம்தான். கடையில் இருக்கும் பாட்டில்களில் 14.5 முதல் 15.5 வரை சாதாரணம், 16-ஐத் தொடுவதும் உண்டு. ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) இந்தப் பெயரில் கிடையாது. வெள்ளை உண்டு, மொத்தத்தில் 7 சதவீதம் அளவுக்கு.

இதே ஊரில் 1954-இல் மேயர் ஓர் ஆணை போட்டார்: பறக்கும் தட்டுகள் இந்த ஊராட்சி எல்லைக்குள் இறங்கவோ மேலே பறக்கவோ கூடாது; மீறி இறங்கினால் பறிமுதல். பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுப் பேச்சாகக் கிடந்த வருடம் அது. விளம்பரம் என்ற வகையில் ஒயின் விதிகளைவிட இது அதிக தூரம் போயிற்று.

திராட்சை: பதின்மூன்று என்பதில் மயங்காதீர்கள்

பதின்மூன்று திராட்சை கலந்த ஒயின் என்று எல்லோரும் சொல்வார்கள். அனுமதி பதின்மூன்றுக்கு என்பதே சரி. 2009-இல் நிறவகைகளையும் தனித்தனியாக எண்ணி 18 ஆக்கிவிட்டார்கள். எதை எவ்வளவு கலப்பது என்று விதி எதுவும் சொல்லவில்லை. ரயாஸ் சிவப்பு முழுக்கக் கிரெனாஷ். போகாஸ்தெல் தோட்டம் பதின்மூன்றையும் வளர்த்துச் சேர்க்கிறது. இரண்டும் ஒரே பெயரில் விற்கின்றன, சுவையில் சம்பந்தமே இல்லை.

நடைமுறையில் நடவில் முக்கால் பங்கு கிரெனாஷ்தான். அதன் குணம் தெரிந்தால் இந்த ஒயினின் பாதி தெரிந்த மாதிரி. தோல் மெல்லிசு, எனவே நிறம் குறைவு. தோலும் விதையும் முதிர்வதற்குள் சர்க்கரை முந்திக்கொண்டு ஏறிவிடும். துவர்ப்பு பதமாகட்டும் என்று காத்திருந்தால் ஆல்கஹால் 15-ஐத் தாண்டும். லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு. 255 கிராமுக்கு 15 வந்துவிடுகிறது. காற்றுப் பட்டால் சீக்கிரம் வாடும் சாதி என்பதால், நல்ல தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சின்னப் புது பீப்பாயில் இதைப் போடுவதில்லை. சிமென்ட் தொட்டி, அல்லது ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய மரத்தொட்டி.

மூர்வெத்ர் என்ற திராட்சை கலந்திருந்தால் நிறமும் தோல்-இறைச்சி மணமும் கூடும், காற்றைத் தாங்கும் சக்தி வரும், ஆயுள் நீளும். அப்படிப்பட்ட பாட்டிலை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். சிரா நிறத்தையும் மிளகு வாசத்தையும் தரும், ஆனால் இந்தச் சூட்டில் அதிகமானால் ஜாம் ஆகிவிடும். சென்ஸோ மணத்துக்கு, கூன்வாஸ் புளிப்புக்கும் சுறுசுறுப்புக்கும். மற்றவை ஊறுகாய் அளவு. கலவை விகிதம் முன்பக்க லேபிளில் இருக்காது, பின்பக்கத்தில் அல்லது தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

லேபிள்

முதலில் தேட வேண்டியது யார் பாட்டிலில் அடைத்தது என்பது. "மீ ஸான் பூத்தேய் ஓ தொமேன்", "ஓ ஷாத்தோ", "ஆ லா ப்ரோப்ரியெத்தே" என்று இருந்தால் திராட்சை விளைவித்த இடத்திலேயே அடைத்தது (கூட்டுறவுச் சங்கமும் கடைசிச் சொற்றொடரைப் போடலாம்). "மீ ஸான் பூத்தேய் பார்" என்று தொடங்கி ஒரு கம்பெனிப் பெயரும் வேறோர் ஊரும் வந்தால் அது வாங்கி விற்கும் வியாபாரியின் சரக்கு. வியாபாரி ஒயின் எல்லாம் மட்டம் என்பதில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் 15 யூரோவுக்குக் கண்ணில் படும் ஷாத்தோநெஃப் பெரும்பாலும் இந்த வகை. இந்தப் பெயருக்கு அந்த விலையில் நல்ல ஒயின் எதிர்பார்க்க முடியாது. 35 ஹெக்டோலிட்டர் வரம்பும் கையறுவடைக் கூலியும் சேர்ந்தால் கணக்கு இடிக்கும். அந்தப் பணத்துக்கு அதே திராட்சையில், ஆற்றின் எதிர்க்கரை லிராக் வாங்குங்கள். கொஞ்சம் கூட்டினால் வாக்கேராஸ், ஜிகோந்தாஸ். அல்லது ஷாத்தோநெஃப் தோட்டக்காரர் ஒருவரின் சாதாரண கோத் து ரோன் (இந்த வட்டாரத்தின் பொதுப் பெயர் ஒயின்): அதே கை, பக்கத்து நிலம்.

"வியேய் வீஞ்" என்றால் முதிய கொடி. எத்தனை வயது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. நாற்பதும் முதுமைதான், நூறும் முதுமைதான். "கிரான் வான்" என்பதற்கு இங்கே எந்தப் பொருளும் இல்லை. பிரான்சின் போர்தோ பகுதியில் இருப்பது போன்ற தரவரிசையும் இங்கே கிடையாது. எனவே தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் ஆல்கஹால் எண்ணும் மட்டுமே உண்மையான தகவல்.

பாட்டிலின் தோளில் போப்பின் மகுடமும் குறுக்கிட்ட சாவிகளும் புடைப்பாக இருப்பதைக் கண்டு பலர் அதையே தர முத்திரையாக எடுத்துக்கொள்கிறார்கள். 1937-இல் வந்த தோட்டக்காரர் சங்கத்து அச்சு அது. பின்னாளில் மித்ரால் என்ற இன்னோர் அச்சும் வந்தது. இரண்டுமே இல்லாத சாதாரண பாட்டிலில் அடைக்கும் பெரிய பெயர்களும் உண்டு. ஊர்க்காரர் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பிரபலப்படுத்திய நூறு மதிப்பெண் முறையில் இந்தப் பகுதிக்குக் கிடைத்தது போன்ற அள்ளல் வேறு சில இடங்களுக்கே கிடைத்தது. பழுத்த, கனமான, உடனே மணம் கொடுக்கும் ஒயின் அவருக்குப் பிடிக்கும், கிரெனாஷ் பிறவியிலேயே அப்படித்தான். விளைவாக, பழைய கொடிகளின் பழத்தைத் தனியாகப் பிரித்துச் சிறப்புப் பதிப்பாக அடைத்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் வழக்கம் பரவியது. வரிசையாக முப்பது கோப்பைகளைச் சுவைக்கும்போது இந்தக் கனமான பதிப்புகள் முந்தித் தெரியும். சாப்பாட்டோடு இரண்டாவது கோப்பை ஊற்றும்போது கனமே பாரம் ஆகும். ஒரு தோட்டத்தின் சாதாரணப் பதிப்பும் சிறப்புப் பதிப்பும் எதிரே இருந்தால், சாப்பாட்டு மேசைக்குச் சாதாரணத்தையே எடுங்கள். நல்ல சரக்கைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைச் சாதாரணமாக அடைக்கிற தோட்டம் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக அடைக்கும் தோட்டங்கள் இந்த விஷயத்தில் நம்பகமானவை. க்ளோ தே பாப் அதற்கு எடுத்துக்காட்டு. அவர்களுடைய 2005 சிவப்பை 2007-இல் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. அது தனிப்பதிப்பு அல்ல, அந்த ஆண்டு அவர்கள் செய்த ஒரே ஷாத்தோநெஃப் சிவப்பு.

கடையில் தொங்கும் மதிப்பெண் அட்டையில் மூன்றைச் சரிபாருங்கள். ஆண்டு பாட்டிலோடு பொருந்துகிறதா? 2016-க்கு வாங்கிய எண்ணை 2018 பாட்டிலின் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். எண் ஒன்றா, 94–96 என்று வீச்சா? வீச்சு என்றால் பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரிக்குப் போட்டது. பாட்டிலில் அடைத்தபின் மாறியிருக்கலாம். யார் போட்டது? பெயரில்லாத பதக்கத்துக்கு மதிப்பில்லை.

ஆண்டு

விலை அதிகமானது ஆண்டைப் பார்க்காமல் வாங்கத் தக்கதல்ல. 2005, 2010, 2016 கட்டுக்கோப்பானவை, நிதானமாக வளர்பவை. 2007 பழம் வழியும் ஆண்டு, மெதுவாகக் காய்வதற்குள் குடித்துவிடலாம். 2019 சூடான ஆண்டு என்றாலும் புத்துணர்ச்சி கெடவில்லை. 2020 சமன்பட்டது, இளமையிலேயே இனிமையாக இருந்தது. 2003 வெப்ப அலை: பல பாட்டில்கள் உலர்ந்த துவர்ப்போடு முடிந்துபோயின. 2002 செப்டம்பரில் வெள்ளம், ஒதுக்கிவிடலாம். 2013-இல் பூக்கும் பருவத்துக் குளிரில் கிரெனாஷ் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது, மற்ற வகைகளின் பங்கு கூடிற்று. 2014 மழை, மெல்லிய ஒயின், சீக்கிரம் குடிக்கச் சுகம். 2018-இல் அடிச்சாம்பல் நோய் இயற்கை முறைத் தோட்டங்களைப் பதம் பார்த்தது. 2021-இல் ஏப்ரல் உறைபனி. ஆல்கஹால் குறைந்த, குளிர்ச்சியான பாணி. சூடான ஆண்டுகளின் பாரத்தை விரும்பாதவர்கள் தேடிப் பிடிக்க வேண்டிய ஆண்டு அது, மதிப்பெண் எப்படியிருந்தாலும் சரி.

எப்போது திறப்பது

இங்கேதான் காசு வீணாகிறது. நல்ல ஷாத்தோநெஃப் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பழமாக, திறந்த மனத்தோடு இருக்கும். அப்புறம் அடைபட்டுப் போகும்: ஏறத்தாழ ஐந்திலிருந்து எட்டு, ஒன்பது வயது வரை பழ மணம் போயிருக்கும், முதிர்ந்த மணம் வந்திருக்காது. பத்தை ஒட்டி மறுபடி திறந்துகொண்டு தோல், உலர்ந்த அத்தி, மரத்தடிச் சருகு, அதிமதுரம் என்று வேறு முகம் காட்டும். ஆகவே ஆறு வயது பாட்டில் கையில் இருந்தால் அதைப் பேசாமல் வையுங்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு மணி நேரம் டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) விடுங்கள். முழுதாகச் சரியாகாது, பரவாயில்லை என்ற அளவுக்கு வரும். சாதாரணப் பதிப்புகள் பெரும்பாலும் 12–15 ஆண்டில் உச்சத்தைக் கடந்துவிடும். மூர்வெத்ர் கூடிய பெரிய தோட்டங்கள் 20, 25-ஐத் தாங்கும்.

வைத்திருப்பதற்கு 12–14 டிகிரி, 60–70 சதவீத ஈரப்பதம், இருட்டு, அசைவில்லாத இடம், பாட்டில் படுக்கை வாக்கில். இவற்றில் வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். 18-இல் நிலையாக இருந்தால் சீக்கிரம் முதிரும், கெடாது. தினமும் 15-க்கும் 28-க்கும் ஆடினால் ஒயின் விரிந்து சுருங்கி, தக்கையைத் தள்ளி, காற்றை உறிஞ்சும். சமையலறைக் குளிர்பெட்டி ஒன்றிரண்டு மாதத்துக்குச் சரி, ஆண்டுக்கணக்கில் என்றால் தக்கை காய்ந்துவிடும்.

பழைய பாட்டில் வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மட்டம் பாருங்கள். பத்து வயதில் ஒயின் கழுத்தின் அடிவரை நிற்க வேண்டும். தோளில் இறங்கியிருந்தால் வேண்டாம். தக்கையை மூடிய உறை பாட்டிலின் வாயில் சுழல வேண்டும். சுழலாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கசிந்திருக்கலாம். தக்கை உறையை முட்டிக்கொண்டு எழும்பியிருந்தால் சூடு பட்ட பாட்டில், மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

வெப்பம், திறப்பு, ஊற்றல்

ஊற்றும்போது 15–16 டிகிரி. கோப்பையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது 17–18 ஆகும், அங்கேதான் இந்த ஒயின் பேசும். 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் ஆவியாகிப் பழ மணத்தை மூடிவிடும். 12-க்குக் கீழே மணம் முடங்கி, துவர்ப்பு கசப்பாகும். "ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடி" என்ற அறிவுரை கணப்பு அடுப்பு மட்டும் இருந்த காலத்துக் கல் வீடுகளுக்கானது. 28 டிகிரி அறையிலிருந்து 16-க்கு இறக்கக் குளிர்பெட்டியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர்; 12–15 நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் நேரம் இழுக்கும், பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் வேண்டும். உறைபெட்டி வேண்டாம், மறந்தால் தக்கை எழும்பும்.

எட்டு வயதைக் கடந்த பாட்டிலில் மண்டி இருக்கும். முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், இருபது வயது என்றால் இரண்டு நாள். உறையை வாய் வளையத்தின் கீழ் விளிம்புக்கு அடியில் அறுத்து எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். கரும்பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அடையாளம் அது. திருகியை நடுவில், நேராக, கடைசிச் சுற்று மட்டும் வெளியே தெரியும் வரை ஏற்றி, இரண்டு படியாக இழுங்கள். இருபதைத் தாண்டிய தக்கை பொடியும். அதற்குத் திருகியைவிட, தக்கையின் பக்கவாட்டில் நுழையும் இரண்டு தகட்டுத் திறப்பான் நல்லது. மெழுகு முத்திரை இருந்தால் உடைத்துக்கொண்டிருக்காமல் மெழுகின் வழியாகவே திருகியை இறக்கி, தக்கையைப் பாதி தூக்கி, சிதறிய மெழுகைத் துடைத்துவிட்டு மீதியை இழுங்கள்.

டிகேன்டரில் மாற்றும்போது கழுத்துக்கு அடியில் ஒரு டார்ச்சை நிறுத்துங்கள். பாட்டிலைச் சாய்த்தால் ஊற்றி முடியும் வரை நிமிர்த்தக் கூடாது. ஒரு தடவை நிமிர்த்தினாலும் அலை எழும்பி மண்டி முழுதும் கலங்கிவிடும். நூல் கனத்தில் ஊற்றுங்கள். கடைசிக் கால்வாசியில் கழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்: முதலில் புகை போல ஒரு கோடு தோளிலிருந்து நழுவி வரும், அதன் பின்னாலேயே கறுப்புத் துகள். புகை கழுத்தை எட்டிய கணம் நிறுத்துங்கள். 40–50 மில்லி பாட்டிலில் நின்றுபோகும், அதற்கு ஆசைப்பட்டால் மொத்தமும் கசக்கும்.

இளம் ஒயினுக்கு இந்த நாசூக்கு தேவையில்லை, தாராளமாகக் கொட்டி ஒரு மணி நேரம் விடலாம். டிகேன்டரும் சூடேறும் என்பதை மறக்காதீர்கள், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மணல் நிலத்துக் கிரெனாஷையும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டதையும் அகலமான டிகேன்டரில் காயவிட வேண்டாம். ஒரு சின்ன வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு, பாட்டிலிலேயே இருக்க விடுங்கள்.

கோப்பை வயிறு பெருத்ததாக, 500 மில்லிக்கு மேல் பிடிப்பதாக இருக்கட்டும். ஊற்றுவது 100–120 மில்லி. 15 சதவீத ஒயினின் 120 மில்லியில் 14 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது, 12.5 சதவீத ஒயினில் 12. இந்த வித்தியாசம் மூன்றாவது கோப்பையில் தெரியும்.

கெட்டதா, குணமா?

நிறம் வெளிறி, விளிம்பில் செங்கல் நிறம் தட்டினால் கெட்டதாக முடிவு கட்டாதீர்கள். கிரெனாஷ் ஐந்தாறு வயதிலேயே அப்படித்தான். மூக்கை நம்புங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த நிலவறை வாசம் என்றால் தக்கைப் பழுது. லிட்டருக்குச் சில நானோகிராம் டிரைகுளோரோ அனிசோல் போதும், பழத்தை அமுக்கிவிடும். காற்றில் வைத்தால் இன்னும் மோசமாகும். திருப்பிக் கொடுங்கள். தீக்குச்சி, அழுகிய முட்டை வாசம் என்றால் காற்று போதாமல் அடைபட்டது. அரைமணி டிகேன்டரில் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு, காடி வாசம் லேசாக இருந்தால் இந்தப் பாணியில் பொறுக்கலாம், தொண்டையைக் குத்தினால் பழுது. வேகவைத்த பழம், உலர் திராட்சை, கூடவே கசிந்த தக்கை என்றால் வழியில் வெயிலில் நின்ற சரக்கு.

குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் நாற்றம் மட்டும் சண்டைக்குரியது. பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் செய்யும் வேலை அது. கிரெனாஷ் சாற்றில் புளிப்புக் குறைவு, சல்ஃபரும் குறைத்துப் போட்டு, பழைய மரத்தொட்டியில் வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். ஒருகாலத்தில் இதையே இந்த ஊர் மண்ணின் வாசம் என்று கொண்டாடினார்கள். கோப்பைக்குக் கோப்பை பழ மணம் மேலே வந்தால் குணம், லாயம் மட்டும் மிஞ்சினால் பழுது என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டில் இளசாகவும் வாசம் இப்போதே பலமாகவும் இருந்தால், மீதிப் பாட்டில்களை வருடக்கணக்கில் வைக்காமல் குடித்து முடியுங்கள். சூடான இடத்தில் அது வளர்ந்துகொண்டே போகும்.

கூடச் சாப்பிட, மிச்சம் வைக்க

ப்ரொவான்ஸ் மூலிகை தடவிச் சுட்ட ஆட்டுத்தொடை, தோப் என்ற, மெதுவாக வெந்த மாட்டிறைச்சிக் குழம்பு, காட்டுப்பன்றி, குளிர்காலத்தில் வோக்ளூஸின் கறுப்பு ட்ரஃபிள் காளான். கொழுப்பும் ஆலிவும் இருந்தால் துவர்ப்பு அடங்கும். மிளகாய்க் காரம் வேண்டாம், 15 சதவீத ஆல்கஹால் எரிச்சலை இரட்டிப்பாக்கும். மீனோடு சேர்ந்தால் இரும்பு வாடை தட்டும்.

திறந்த பாட்டில் மிச்சமானால் உடனே 375 மில்லி பாட்டிலில் தளும்ப ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். கிரெனாஷ் பாதிப் பாட்டிலில் திறந்த காற்றோடு கிடந்தால் மறுநாளே அடிபட்ட ஆப்பிள் வாசம் வந்துவிடும். பழைய ஒயின் என்றால் மிச்சம் வைக்கும் யோசனையே வேண்டாம்.

நேரில் போனால்

ஆவிஞோனிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள், ஓரான்ஜிலிருந்து இன்னும் கிட்டத்தில். ஊருக்குள் சுவைக்கூடங்கள் நிறைய, நடந்தே சுற்றலாம். தோட்டங்களுக்கு முன்கூட்டியே நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அறுவடை, உங்களோடு பேச ஆள் இருக்காது. ஆகஸ்ட் முதல் வார இறுதியில் திராட்சை நிறம் மாறுவதைக் கொண்டாடும் வெரேசோன் திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் மட்டும் போகலாம். நிதானமாகச் சுவைக்க ஏப்ரல், மே நல்லது, வெயிலும் இதமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு தோட்டங்களுக்கு மேல் நாக்கு தாங்காது. வெள்ளையில் தொடங்கி, மணல் நிலத்துச் சிவப்பு, கடைசியில் கூழாங்கல் மேட்டுச் சிவப்பு என்று போங்கள்; தலைகீழாகப் போனால் மணல் ஒயின் தண்ணீராகத் தெரியும். துப்புக்கிண்ணம் எல்லா இடத்திலும் வைத்திருப்பார்கள், துப்புவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிரான்சில் வண்டி ஓட்டுபவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, இந்த ஒயினில் அது இரண்டு கோப்பையில் நெருங்கிவிடும். வாங்கிய பெட்டியைக் கோடை மதியத்தில் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பின் இருக்கைக்கு அடியில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசித் தோட்டத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள்.